பிள்ளையைப் பிரிக்கும் வழக்கில் பெற்றோருக்காக யார் வாதாடுவது?

ஏழை ஒருவர் மீது கடுங்குற்ற வழக்கு தொடுக்கப்பட்டால், அரசின் செலவில் வழக்கறிஞர் பெறுவது அவருடைய உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963ஆம் ஆண்டு கிடியன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால், ஒரு தாயிடமிருந்து அவளுடைய பிள்ளையை நிரந்தரமாகப் பிரிக்கும் வழக்கில் அந்த உரிமை எல்லோருக்கும் உண்டு என்று அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கறிஞர் தேவையா என்பதை வழக்குக்கு வழக்கு நீதிபதியே முடிவு செய்யலாம் என்று 1981இல் லாசிட்டர் வழக்கில் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அது கூறியது.

அவ்வழக்கின் தாய் வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த ஏழைக் கறுப்பினப் பெண். சிறையிலிருந்து விசாரணைக்கு அழைத்து வரப்பட்டார். அரசுத் தரப்பில் வழக்கறிஞர் இருந்தார். தாயின் தரப்பில் எவரும் இல்லை. சமூகப் பணியாளரை அவரே குறுக்கு விசாரணை செய்தார். அவர் கேட்டவற்றில் பல, கேள்விகள் அல்ல, வாதங்கள் என்று ஒதுக்கப்பட்டன. தன் பிள்ளைக்காகப் பேசிய தாய்க்கு, நீதிமன்றத்தின் மொழி தெரியாததே தடையாயிற்று.

வறுமை குற்றமாக எழுதப்படும் விதம்

குழந்தை நல வழக்கு என்றதும் அடி, சித்திரவதை போன்றவையே நம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவில் இவ்வழக்குகளில் பெரும்பாலானவை 'புறக்கணிப்பு' என்ற தலைப்பின் கீழ் வருபவை. போதிய உணவின்மை, பாதுகாப்பான வீடின்மை, வேலைக்குச் சென்ற நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளின்மை ஆகியவை இத்தலைப்புக்குள் எளிதில் நுழைந்துவிடுகின்றன. இல்லாமை இங்கே அலட்சியமாகப் பதிவாகிறது.

இதன் சுமை சமமாக விழுவதில்லை. 18 வயதுக்குள் குழந்தைப் பாதுகாப்புத் துறையின் விசாரணைக்கு உள்ளாகும் குழந்தைகள் ஏறத்தாழ 37 விழுக்காடு என்றும், கறுப்பினக் குழந்தைகளிடையே அது 53 விழுக்காடு என்றும் 2017இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சட்ட அறிஞர் டோரதி ராபர்ட்ஸ் 2001 முதல் தம் நூல்களில் இந்த அமைப்பைக் கறுப்பினக் குடும்பங்கள் மீதான கண்காணிப்பாகவே விளக்கி வருகிறார்.

காலமும் பெற்றோருக்கு எதிராகவே ஓடுகிறது. 1997ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, கடைசி 22 மாதங்களில் 15 மாதங்கள் ஒரு குழந்தை வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையை முடிவுறுத்தும் மனுவை அரசு தாக்கல் செய்ய வேண்டும். வாடகை வீட்டுக்கும் சிகிச்சைக்கும் காத்திருக்கும் ஏழைத் தாய்க்கு 15 மாதங்கள் மிகக் குறுகிய காலம்.

ஆதரவு என்பது எது?

லாசிட்டர் தீர்ப்புக்குப் பின்னும் பெரும்பாலான மாநிலங்கள் தம் சட்டங்களின் வழியே ஏழைப் பெற்றோருக்கு வழக்கறிஞரை அமர்த்துகின்றன. ஆயினும், குறைந்த ஊதியத்தில் அளவுக்கு மீறிய வழக்குகளைச் சுமக்கும் ஒருவர், விசாரணை நாளன்று நடைகூடத்தில்தான் அந்தத் தாயை முதன்முறை சந்திக்கிறார் என்றால், அவரது இருப்பு சடங்காகவே முடியும்.

இதற்கு மாற்றை நியூயார்க் நகரம் காட்டியது. 2007 முதல் அந்நகரம் பெற்றோருக்காக வாதாடும் சட்ட அலுவலகங்களுடன் ஒப்பந்தம் செய்தது. அங்கு வழக்கறிஞர் தனியாக இயங்குவதில்லை. அவருடன் ஒரு சமூகப் பணியாளர் இருப்பார். இத்தகைய வழக்கைத் தாமே கடந்து வந்த பெற்றோர் ஒருவர் துணைவராகவும் இருப்பார். வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வாதாடும்போது, மற்றவர்கள் வீடு, சிகிச்சை, பிள்ளையைப் பார்க்கும் நேரம் ஆகியவற்றுக்காக அலைவார்கள்.

சுமார் 28,000 குழந்தைகளின் வழக்குகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு இதன் பயனை அளந்தது. இத்தகைய அலுவலகங்கள் வாதாடிய குடும்பங்களின் பிள்ளைகள், வழக்கு தொடங்கிய 4 ஆண்டுகளில் சராசரியாக 118 நாட்கள் குறைவாகவே வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தனர். குழந்தைகளின் பாதுகாப்பில் வேறுபாடு காணப்படவில்லை. பெற்றோருக்கு வலுவான வழக்கறிஞர் இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து என்ற வாதத்திற்கு இதுவே விடை.

2018 இறுதியில் கூட்டாட்சி அரசும் தன் கொள்கையை மாற்றியது. வளர்ப்புப் பராமரிப்பு நிதிக்குத் தகுதியுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கான வழக்கறிஞர் செலவில் பாதியை மாநிலங்கள் திரும்பப் பெறலாம் என்றாயிற்று. பூர்வகுடி மக்களுக்கு இந்த உரிமை அதற்கும் முன்பே கிடைத்தது. தலைமுறைகளாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மக்களின் போராட்டத்தால் 1978இல் இயற்றப்பட்ட இந்தியக் குழந்தை நலச் சட்டம், ஏழைப் பெற்றோருக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை அமர்த்த வேண்டும் என்கிறது. இச்சட்டத்தை 2023இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் நிலைநிறுத்தியது.

நம் கையில் இருப்பது

நம் நாட்டில் இத்தகைய அதிகாரம் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் உள்ளது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அக்குழுவுக்கு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரங்களை வழங்குகிறது. பிள்ளையை நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. குழுவின் முன் நிற்கும் பெற்றோருக்கு வழக்கறிஞர் கட்டாயம் என்று அது கூறவில்லை. செங்கல் சூளையிலும் சாலையோரத்திலும் வாழும் நம் மக்களுக்கு இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறும் தகுதியை அளிக்கிறது. அச்சட்டம் 'நீதிமன்றம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில், சட்டப்படி அமைந்து நீதி வழங்கும் தன்மையுள்ள பணிகளைச் செய்யும் பிற அதிகார அமைப்புகளும் அடங்கும். குழந்தைகள் நலக் குழுவும் அத்தகைய அமைப்பே என்பது நம் வாதம்.

ஆகவே, பிள்ளை அழைத்துச் செல்லப்பட்ட அன்றே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுத்து வடிவில் மனு கொடுக்க வேண்டும். குழுவின் ஆணைப் படியைக் கேட்டுப் பெற வேண்டும். மேல்முறையீட்டுக்கு உள்ள காலம் 30 நாட்கள் மட்டுமே. சட்டம் பயிலும் நம் மாணவர்கள் மனு எழுதவும், இயக்கத் தோழர்கள் பெற்றோருடன் குழுவின் அலுவலகம் வரை உடன் செல்லவும் முன்வர வேண்டும். பிள்ளையின் நலன் பேசப்படும் அறையில் அப்பிள்ளையைப் பெற்றவர்களின் குரலும் கேட்கப்பட வேண்டும்.