தேநீர்க்கடையிற் பிறந்த கணிப்பொறி

வாணிகஞ் செய்வோர் கணக்கெழுதும் வழக்கம் வாணிகத்தளவு தொன்மையானது. ஆயினும், எழுதிய கணக்கு நடந்ததைக் காட்டுவதோடு அமையுமா, இனி நடக்க வேண்டியதைத் தீர்மானிக்கவும் உதவுமா என்ற வினா பெருங் கொம்பனிகள் தோன்றிய பின்னரே கூர்மையடைந்தது. அவ்வினாவுக்கு விடை தேடியோருள் இலண்டன் மாநகரின் ஜே. லயன்ஸ் கொம்பனியார் தனித்து நோக்கற்பாலர். வணிக அலுவலிலே கணிப்பொறியை முதன்முதல் ஒழுங்காகப் பயன்படுத்தியது ஒரு வங்கியுமன்று, ஆயுதத் தொழிற்சாலையுமன்று. தேநீரும் கேக்கும் விற்ற இக் கொம்பனியே.

1894 இல் பிக்கடிலித் தெருவில் முதலாவது தேநீர்க்கடையைத் திறந்த லயன்ஸ், சில பதிற்றாண்டுகளுள் நகரெங்கும் பரந்தது. ஒரு கோப்பைத் தேநீரிற் கிடைக்கும் இலாபமோ மிகச் சிறிது. எண்ணிறந்த சிறு விற்பனைகளைப் பதிவதற்கு இலிகிதர் கூட்டமொன்று வேண்டியிருந்தமையால், கிடைத்த இலாபம் கணக்கெழுதும் கூலியிலேயே கரைந்துபோகும் அபாயம் இருந்தது. கேம்பிரிட்ஜிற் கணிதம் பயின்ற ஜோன் சிமன்ஸ் 1923 இல் இங்கு பணியேற்றார். 1930களில் அவர் மேற்பார்வையில் இயங்கிய ஆராய்ச்சிப் பிரிவு, ஒவ்வொரு படிவமும் எதற்காக நிரப்பப்படுகின்றது, எவர் கைக்குச் செல்கின்றது, அவர் அதனைக் கொண்டு யாது செய்கின்றார் என ஆராய்ந்தது. கணிப்பொறி வருமுன்னரே இவ்வினாக்கள் எழுப்பப்பட்டமைதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை. பொறி பின்னர் வந்தது. அதற்குரிய இடம் முன்னரே ஆயத்தமாயிருந்தது.

1947 இல் ஒலிவர் ஸ்டாண்டிங்போர்ட், றேமண்ட் தொம்சன் என்னும் அதிகாரிகள் இருவர் அமெரிக்கா சென்றனர். பிரின்ஸ்டனில் அவர்கள் சந்தித்த ஹேர்மன் கோல்ட்ஸ்டைன், அவர்தம் நாட்டுக் கேம்பிரிட்ஜிலேயே அத்தகைய பொறியொன்று அமைக்கப்படுவதை அறிவித்தார். அருகிலிருந்ததை அறியக் கடல் கடக்க வேண்டியிருந்தது! கொம்பனி அப் பல்கலைக்கழகத்துக்கு 3,000 பவுண் உதவியது. மொறிஸ் வில்க்ஸ் அமைத்த எட்சாக் 1949 மே 6 இல் இயங்கியதும், அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஜோன் பிங்கேர்ட்டன் தலைமையிற் புதிய பொறி உருவாயிற்று. ஏறத்தாழ 6,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அதற்கு ‘லியோ’ எனப் பெயரிட்டனர். ‘லயன்ஸ் இலத்திரன் அலுவலகம்’ என்பதன் சுருக்கம் அது. கருவியென்னாது அலுவலகம் என்றதிலேயே அவர்தம் நோக்கம் புலனாகும்.

விஞ்ஞானியின் கணக்குக்குத் தரவு சிறிது, கணிப்பு நீண்டது. வணிகனின் கணக்கோ மறுதலை: கூட்டலுங் கழித்தலும் எளியன, உட்செல்லும் எண்களும் வெளிவரும் பட்டியல்களும் மலைபோன்றன. இவ்விடர் நீங்கப் பல மாதங்கள் சென்றன. 1951 நவம்பர் இறுதியில் வெதுப்பகப் பொருள்களின் மதிப்புக் கணக்கு வாராந்தம் லியோவில் ஓடத்தொடங்கிற்று. பின்னர் சம்பளக் கணக்கும் சேர்ந்தது. தேர்ந்த இலிகிதருக்கு எட்டு நிமிடம் பிடித்த ஒருவரின் சம்பளக் கணிப்பு ஒன்றரை விநாடியில் முடிந்தது.

வேகத்தினும் வியக்கத்தக்கது 1954 இல் தொடங்கிய தேநீர்க்கடை விநியோக முறை. முன்னர்க் கடைத்தலைவி நாடோறும் வேண்டும் பண்டங்களனைத்தையும் நீண்ட படிவத்தில் எழுத வேண்டியிருந்தது. டேவிட் கமினர் குழுவினர் வகுத்த முறையிலே, ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான தேவை முன்னரே துளையட்டைகளிற் பதியப்பட்டிருக்கும். குறித்த வேளையிற் தொலைபேசி ஒலிக்கும். தலைவி மாற்றங்களை மாத்திரம் கூறுவார். மழை வந்தாற் குறைப்பார். அயலிற் கூட்டம் நடப்பின் கூட்டுவார். கேட்டவண்ணமே அட்டையில் துளையிடப்படும். அதிலிருந்து வெதுப்பகம் செய்யவேண்டிய அளவும், வண்டியில் ஏற்றும் பட்டியலும், கடையின் பெயரில் எழுதும் பற்றும் ஒருங்கே பிறந்தன. ஒருமுறை உட்சென்ற செய்தி மும்முறை பயன்பட்டது. எந்திரம் அறியவியலாத மழையையும் கூட்டத்தையும் கூற ஒரு மனிதக் குரலுக்கு இடம் விடப்பட்டிருந்தது.

1954 இல் லியோக் கணிப்பொறிகளை விற்கத் தனிக் கொம்பனி நிறுவப்பட்டது. 1963 இல் அது இங்கிலிஷ் எலெக்ட்ரிக்கின் கணிப்பொறிப் பிரிவோடு இணைந்தது. 1965 இல் முதலாவது லியோ ஓய்ந்தது. தாய்க் கொம்பனியும் வெளிநாட்டுக் கடன்கொண்டு விரிவடைந்து, பவுணின் வீழ்ச்சியில் இடருற்று, 1978 இல் பிறர்கைப்பட்டது. எத்துணைச் சிறந்த கணக்கும் துணிந்தோர் கடன் வாங்குவதைத் தடுக்கவில்லை.

லயன்ஸ் தேயிலையின் கலப்புக் கணக்கும் லியோவினூடாகச் சென்றது. அக் கலப்பில் இலங்கைத் தேயிலையும் இருந்தது. அத் தேயிலையின் மறுமுனையில், மலைநாட்டுத் தோட்டங்களிலே, வேறொரு தகவல் முறை நெடுங்காலமாக நடந்துவந்தது. காலைப் பெரட்டில் பெயர் குறிப்பர். கொழுந்தை நிறுத்துக் கணக்கப்பிள்ளை ஏட்டிற் பதிவார். செக்றோல் அதனைச் சம்பளமாக்கும். நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. ஒழுங்கிலே அதுவும் குறைந்ததன்று. ஆயின் இலண்டன் கடைத்தலைவியைத் தொலைபேசி நாடோறும் மாற்றமுண்டோ என வினவியது. நெற்றியிற் கூடையின் கயிற்றைத் தாங்கி நின்றவளை எவரும் வினவவில்லை. மழையிற் கொழுந்து குறைந்ததென அவள் உரைத்தாலும், அதனைப் பதிய அந்த ஏட்டிலே ஒரு நிரல் இருந்ததில்லை.