கால் எங்கே, கால் எப்போது? மாம்போவைச் சொல்லிக் கொடுத்த மூன்று ஜோடிகள்

சல்சா வகுப்பு நடக்கும் எந்த ஊரின் எந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரு குரல் கேட்கும். "ஒன், டூ, த்ரீ... ஃபைவ், சிக்ஸ், செவன்..." நான்கும் எட்டும் எங்கே போயின? அந்த இரண்டு இடத்திலும் புதிதாக அடி எடுத்து வைப்பதில்லை. உடம்பு மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். சரி, இப்படி எண்ணித்தான் ஆட வேண்டும் என்று வைத்தது யார்?

கரீபியன் தீவுகளில் இந்த ஆட்டங்களை யாரும் எண்ணிக் கற்றுக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டில், பிறந்தநாள் விருந்தில், தெருத் திருவிழாவில் அம்மாவோடும் மாமாவோடும் ஆடி ஆடியே குழந்தைகளுக்கு வந்துவிடும். மேடை கிடையாது, அரங்கேற்றம் கிடையாது. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஆடுகிறவர்கள்தான். அதனால்தான் இவற்றை 'சமூக நடனம்' என்கிறார்கள்.

வீட்டில் தானாக வந்த ஒன்றை ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு, காசு வாங்கிக்கொண்டு, வகுப்பில் வைத்துச் சொல்லிக் கொடுப்பது எப்படி? அமெரிக்காவில் மூன்று கணவன்-மனைவி ஜோடிகள் இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். மூன்றையும் பார்த்தால் ஒரு நடனத்தின் வரலாறே தெரிந்துவிடும்.

ஹவானாவிலிருந்து பிராட்வேக்கு

1938-ல் கியூபாவின் தலைநகர் ஹவானாவில், ஆர்கான்யோ என்பவரின் இசைக்குழுவில் இருந்த ஒரெஸ்தெஸ் லோபெஸ் ஒரு பாட்டுக்கு இசையமைத்து அதற்கு 'மாம்போ' என்று பெயர் வைத்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பெரெஸ் பிராடோ என்ற இன்னொரு கியூபக்காரர் மெக்சிகோவில் இருந்தபடி வெளியிட்ட இசைத்தட்டுகள் அந்தப் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோயின.

ஆனால் மாம்போ ஆட்டமாக உருண்டு திரண்டது நியூயார்க்கில். காரணம் சட்டம். 1917-லேயே போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கொடுத்தாகிவிட்டது. விசா வேண்டாம், டிக்கெட் எடுத்தால் போதும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானக் கட்டணமும் குறைய, கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1940-ல் நியூயார்க் நகரில் அவர்கள் சுமார் 60 ஆயிரம் பேர். 1960-ல் 6 லட்சத்துக்கு மேல்!

வந்தவர்களுக்குக் கிடைத்தது தையல் ஆலையிலும் ஓட்டல் சமையலறையிலும் வேலை. வாரக் கடைசியில் அவர்கள் ஆடப் போன இடங்களில் பெரும் பேர் பெற்றது பலேடியம். பிராட்வேயும் 53-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில், ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்த நடனக்கூடம் அது. 1940-களின் பிற்பகுதியில் அங்கே வியாபாரம் படுத்துவிட்டிருந்தது. மச்சீத்தோவின் ஆப்ரோ-கியூபக் குழுவைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தால் கூட்டம் வரும் என்று யோசனை சொன்னார்கள். கறுப்பர்களும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் வந்தால் வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் போய்விடுவார்களே என்ற பயம் ஒரு பக்கம். காலியாகக் கிடக்கும் கூடம் இன்னொரு பக்கம். கடைசியில் கல்லாப்பெட்டிதான் முடிவு செய்தது. கதவு எல்லோருக்கும் திறந்தது. மச்சீத்தோ, டிட்டோ புவெந்தே, டிட்டோ ரோட்ரிகெஸ் என்று மூன்று பெரிய குழுக்கள் அங்கே மாறி மாறி வாசித்தன. யூதர்கள், இத்தாலியர்கள், கறுப்பர்கள், போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் எல்லோரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். நகரத்தின் பல கூடங்களில் அன்றைக்கு நடக்காத காரியம் இது.

முதல் ஜோடி: காலடித் தடம் விற்றவர்கள்

பலேடியம் பிரபலமாவதற்கு வெகு காலம் முன்பே நடனத்தைத் தபாலில் விற்ற ஒருவர் இருந்தார். ஆர்தர் மர்ரே. 1895-ல் கிழக்கு ஐரோப்பாவில் ஓர் யூதக் குடும்பத்தில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்தவர். 1920-களில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. இடது கால் இங்கே, வலது கால் இங்கே என்று காலடித் தடங்களைக் காகிதத்தில் அச்சடித்துத் தபாலில் அனுப்பினால் என்ன? ஆர்டர்கள் குவிந்தன. 1925-ல் கேத்ரினைத் திருமணம் செய்துகொண்டார். 1930-களின் இறுதியில் தன் பெயரைப் பிறருக்கு உரிமமாகக் கொடுக்கும் 'ஃபிரான்சைஸ்' முறையைத் தொடங்கினார். 1950 முதல் 1960 வரை தொலைக்காட்சியில் கணவனும் மனைவியும் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். அதைத் தொகுத்து வழங்கி, சிரிக்கவும் வைத்தவர் கேத்ரின்தான். ரும்பா, மாம்போ, சா-சா-சா, மெரெங்கே எல்லாம் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் கூடத்துக்குள் நுழைந்ததில் இந்தத் தம்பதிக்குப் பெரிய பங்கு உண்டு.

காலடித் தடத்தில் ஒரு குறை இருந்தது. கால் எங்கே என்று காகிதம் சொல்லும். எப்போது என்று அது சொல்லாது.

இந்தக் குறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் படிப்பவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஃபுளோரிடாவில் மர்ரே பெயரில் உரிமம் பெற்று நடந்த ஒரு நடனப் பள்ளியில் 51 வயது விதவை ஒருவர் சேர்ந்தார். உங்களுக்கு நல்ல திறமை இருக்கிறது, அருமையான நடனக்காரியாக வருவீர்கள் என்று சொல்லிச் சொல்லியே 14 ஒப்பந்தங்களில் மொத்தம் 2,302 மணி நேர வகுப்பை அவரிடம் விற்றுவிட்டார்கள். விலை 31,090 டாலர். அவருக்கு உண்மையில் தாளமே சரியாகக் காதில் பிடிபடவில்லை என்பது வழக்கு. 'நன்றாக ஆடுகிறீர்கள்' என்பது வெறும் அபிப்பிராயம், அதற்காக வழக்குப் போட முடியாது என்று கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1968-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. விஷயம் தெரிந்தவர் தெரியாதவரிடம் சொல்லும் அபிப்பிராயத்தை உண்மைக் கூற்றாகவே எடுத்துக்கொள்ள இடமுண்டு, அந்தப் பெண்ணின் வழக்கு விசாரிக்கப்பட வேண்டியது என்றது.

இரண்டாம் ஜோடி: எண்ணாமல் ஆடியவர்கள்

பெட்ரோ அகிலார் 1927-ல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். இளமையில் குத்துச்சண்டை போட்டவர். ஊர் அறிந்த பெயர் 'கியூபன் பீட்'. அப்போது பிரபலமாயிருந்த ஒரு பாட்டிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஆள் கியூபக்காரரே இல்லை! மில்லி டோனே இத்தாலியக் குடும்பத்துப் பெண். பலேடியத்தில் இருவரும் ஜோடி சேர்ந்தார்கள், கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். 1950-களின் அமெரிக்காவில் அப்படி இல்லை. வெள்ளையரும் வெள்ளையர் அல்லாதவரும் மணந்துகொள்வதைத் தடுக்கும் சட்டங்கள் 1967-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும் வரை 16 மாநிலங்களில் இருந்தன. நியூயார்க்கில் அப்படி ஒரு சட்டம் இல்லைதான். ஆனால் ஊர் வாய்க்கு ஏது சட்டம்? போர்ட்டோ ரிக்கோ ஆணும் இத்தாலியப் பெண்ணும் கை கோத்து நடந்தால் தெருவே திரும்பிப் பார்த்த காலம். அதே இருவரும் பலேடியத்தின் நடுவில் ஆடினால் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

புதன்கிழமை அங்கே விசேஷம். முதலில் பாடம். அதை நடத்தியவர் 'கில்லர் ஜோ' என்ற ஃபிராங்க் பிரோ, ஓர் இத்தாலிய அமெரிக்கர். பிறகு போட்டி. அப்புறம் தொழில்முறை ஜோடிகளின் ஆட்டம். பீட்டும் மில்லியும் அதில் நட்சத்திரங்கள். கையை விட்டுப் பிரிந்து தனித்தனியே காலாடுவதும், சொல்லி வைத்தது போல ஒரே அடியில் மீண்டும் சேர்வதும் அவர்கள் முத்திரை. 1954 டிசம்பரில் 'லைஃப்' பத்திரிகை மாம்போ மோகத்தைப் பற்றிப் படங்களோடு எழுதியபோது இந்த ஜோடியின் படமும் வந்தது.

அவர்கள் ஆடியது எதை வைத்து? கிளாவே என்ற இரண்டு மரக்குச்சிகளின் ஐந்து தட்டு. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. கியூப இசையின் முதுகெலும்பே அதுதான். பீட் வயதான காலத்தில் பாடம் எடுத்தபோதும் கிளாவேயைக் கேள் என்பதைத்தான் வலியுறுத்தினார். கேட்டால் கால் தானாகப் போகும். கேட்காதவருக்கு? அதற்கு பலேடியம் போன்ற ஓர் இடம் வேண்டும். வாராவாரம் போய், பார்த்து, இடித்து, மிதித்துக் கற்க வேண்டும்.

அந்த இடமே இல்லாமல் போனது. 1961-ல் பலேடியம் மது உரிமத்தை இழந்தது, 1966-ல் மூடப்பட்டது. பீட்-மில்லி மணவாழ்க்கையும் முறிந்தது. இளைஞர்கள் ராக் பக்கமும், பிறகு டிஸ்கோ பக்கமும் போனார்கள். ஃபானியா நிறுவனத்தின் இசைத்தட்டுகளால் 1970-களில் இதே இசை 'சல்சா' என்ற புதுப் பெயரில் பிழைத்துக்கொண்டது. இசையைத் தட்டில் பதித்து வைக்கலாம், ஆட்டத்தை அப்படி வைக்க முடியவில்லை. அது பலேடியத்தில் ஆடிப் பழகியவர்களின் கால்களில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

மூன்றாம் ஜோடி: பெயர் வைத்தவர்கள்

எடி டோரஸ் 1950-ல் நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோக் குடும்பத்தில் பிறந்தவர். பலேடியம் மூடியபோது அவருக்கு 16 வயதுதான். 86-ஆம் தெருவில் இருந்த கோர்சோ என்ற கிளப்பில் பழைய பலேடியம் ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். அங்கேதான் ஜூன் லபெர்ட்டா என்ற பால்ரூம் நடன ஆசிரியை அவருக்குப் பழக்கமானார். ஆடத் தெரிந்தால் மட்டும் போதாது, எந்தத் தட்டில் அடி வைக்கிறாய் என்று தெரிய வேண்டும், ஒவ்வோர் அடிக்கும் பெயர் வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்.

எடியும் மனைவி மரியாவும் 1980-களில் டிட்டோ புவெந்தேயின் குழு வாசிக்க மேடையில் ஆடினார்கள். பலேடியத்தின் அதே டிட்டோ! கூடவே வகுப்பும் எடுத்தார்கள். ஜோடி நடனத்தில் பாதிப் பாடம் பெண்ணுடையது. ஆண் பின்னால் போகும்போது அவள் முன்னால் வர வேண்டும். அந்தப் பாதியை ஓர் ஆண் மட்டும் நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து நின்றால்தான் பாடம் முழுமையாகும்.

அவர்கள் கொடுத்த முறை இதுதான். நம்ம ஆதி தாளம் போல எட்டு எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்றில் அடி. நான்கில் இல்லை. ஐந்து, ஆறு, ஏழில் அடி. எட்டில் இல்லை. இதில் உடம்பு திசை மாறுவது இரண்டிலும் ஆறிலும். ஏன் இரண்டு? கொங்கா மத்தளத்தில் பளீர் என்று விழும் அறை இரண்டாம் தட்டில்தான் இருக்கிறது. எண்ணத் தெரிந்தவர் எண்ணிக்கொண்டே போனால் ஒரு நாள் அந்த அறை காதில் விழும். அதன் பிறகு எண்ண வேண்டியதில்லை. அடிகளுக்குப் பெயர் வைத்து, வரிசைப்படுத்தி, எளியதிலிருந்து கடினமானது வரை பாடத்திட்டமாக்கினார்கள்.

மர்ரே தம்பதி 'எங்கே' என்பதை விற்றார்கள். பீட்டும் மில்லியும் 'எப்போது' என்பதை உடம்பில் வைத்திருந்தார்கள். எடியும் மரியாவும் அந்த 'எப்போது' என்பதற்கு ஒரு காகிதம் தயாரித்தார்கள்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. பலேடியத்தில் இரண்டு-மூன்று-நான்கு, ஆறு-ஏழு-எட்டு என்றுதான் கால் விழுந்தது, இது வேறு என்கிறவர்கள் உண்டு. எண்ணிக் கற்றவர்கள் ஆசிரியரின் குரலைக் கேட்கிறார்கள், இசையைக் கேட்பதில்லை என்ற குறையும் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிறந்தநாள் விருந்தில் பாட்டியோடு ஆடிய பையனுக்குக் கிடைத்ததை எந்தப் பாடத்திட்டமும் முழுசாகக் கொடுத்துவிடாது.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பாட்டி இல்லாதவர் என்ன செய்வார்? 1997-ல் போர்ட்டோ ரிக்கோவில் உலக சல்சா மாநாடு தொடங்கியது. அதன் பின் ஊர் ஊராக இப்படி மாநாடுகள் நடக்க ஆரம்பித்தன. மொழி தெரியாத இருவர் முதல்முறை சந்தித்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு பாட்டு முழுக்கச் சேர்ந்து ஆடிவிட்டுப் போவது அங்கே சர்வ சாதாரணம். பொதுவான எண்ணிக்கை இல்லாமல் அது நடக்காது.

மில்லி டோனே 2007-ல் இறந்தார். கியூபன் பீட் 2009-ல், 81-ஆவது வயதில் இறந்தார். 'தி மாம்போ கிங்ஸ்' என்ற 1992-ஆம் ஆண்டுப் படத்தின் நடனங்களில் பீட்டுக்கும் பங்கு இருந்ததால் பிற்காலத் தலைமுறைக்கு அந்தப் பெயராவது தெரியும். அவர்கள் ஆடிய பல நூறு இரவுகளில் பெரும்பகுதிக்குப் பதிவே இல்லை.

ஃபுளோரிடாவின் அந்தப் பெண்மணிக்கு 2,302 மணி நேரம் விற்றவர்கள், முதல் மணி நேரத்திலேயே அவரை ஆட விடாமல் உட்கார வைத்து, கொங்காவின் இரண்டாம் தட்டு காதில் விழுகிறதா என்று கேட்டிருக்கலாம். விழவில்லை என்றால் விழும் வரை காத்திருந்திருக்கலாம். அதற்கு 31 ஆயிரம் டாலர் ஆகியிருக்காது. ஒருவேளை அவர் ஆடவும் கற்றிருப்பார்.