கரடிக்கு ஜெயில் கட்டிய ஊர்

சர்ச்சில் என்றதும் பலருக்கும் சுருட்டுப் புகைக்கும் பிரிட்டிஷ் பிரதமர்தான் ஞாபகத்துக்கு வருவார். அதே பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது. கனடாவின் மானிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாக் கரையில். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை வெறும் 870. இந்தச் சின்ன ஊரில் பனிக்கரடிகளுக்கென்றே ஒரு ஜெயில் உண்டு!

பனிக்கரடியின் முக்கிய உணவு சீல். அதைப் பிடிக்கக் கடல் உறைந்திருக்க வேண்டும். கோடையில் விரிகுடாவின் பனி உருகியதும் கரடிகள் கரையேறிவிடும். மறுபடி உறைய நவம்பர் ஆகிவிடும். அதுவரை ஏறக்குறையப் பட்டினிதான். சர்ச்சில் பக்கம் கடல் சீக்கிரம் உறையும் என்பதால் இலையுதிர் காலத்தில் அங்கே வந்து காத்திருக்கும். ஆக, கரடியின் வழியில்தான் ஊர் உட்கார்ந்திருக்கிறது.

1942ல் அமெரிக்க ராணுவம் அருகே ஒரு முகாம் அமைத்தது. பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் அங்கே வாழ்ந்தார்கள். ஆட்கள் பெருகினால் குப்பையும் பெருகும் அல்லவா? பசித்த கரடிகளுக்குக் குப்பைமேடு விருந்துக்கூடமாகிவிட்டது. அங்கே ருசி கண்ட கரடி வீட்டு வாசலுக்கும் வந்தது. அந்தக் காலத்தில் இதற்கு இருந்த முக்கிய வைத்தியம் துப்பாக்கி. 1968ல் ஓர் இளைஞர் கரடி தாக்கி இறந்தார். அதன் பிறகு அரசு ரோந்து தொடங்கியது.

1982ல் பழைய ராணுவக் கட்டடம் ஒன்று கரடி ஜெயிலானது. ஊருக்குள் வரும் கரடியைப் பொறிவைத்தோ மயக்க ஊசி போட்டோ பிடித்து இங்கே அடைப்பார்கள். தண்ணீர் உண்டு, சாப்பாடு கிடையாது. கொடுமையாகத் தெரியலாம். ஆனால் சாப்பாடு போட்டால் மனிதன் இருக்கும் இடத்தில் தீனி கிடைக்கும் என்று கரடி கற்றுக்கொள்ளும். சில வாரம் கழித்து ஹெலிகாப்டரில் வலைகட்டித் தூக்கிப்போய் ஊருக்கு வெகுதூரம் வடக்கே விட்டுவிடுவார்கள்.

ஜெயில் வந்தும் பிரச்சினை தீரவில்லை. 1983ல், தீப்பிடித்து எரிந்த ஒரு ஹோட்டலுக்குள் புகுந்து இறைச்சி எடுத்துவந்த ஒருவரைக் கரடி கொன்றது. இங்கேயும் கரடியை இழுத்தது உணவின் வாசனைதான்.

திறந்தவெளிக் குப்பைமேட்டை மூடியது எப்போது தெரியுமா? 2005ல்! கரடியைத் திருத்த ஜெயில் கட்டியவர்கள், தங்கள் குப்பையைத் திருத்திக்கொள்ள மேலும் 23 வருஷம் ஆனது. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் பாடமே இதுதான். ஜெயில் பிடிபட்ட கரடியைத்தான் அப்புறப்படுத்தும். குப்பையை மூடினால் அடுத்த கரடி வரும் காரணமே குறைந்துவிடும்.

ஊர்மக்களும் மாறியிருக்கிறார்கள். தெருவில் யாராவது கரடியிடம் சிக்கினால் ஓடி ஏறிக்கொள்ளட்டும் என்று கார் கதவைப் பூட்டாமல் விடுவது அங்கே வழக்கம். அக்டோபர் 31 ஹாலோவீன் இரவில் குழந்தைகள் வீடுவீடாக மிட்டாய் வாங்கப் போகும்போது சுற்றிலும் ரோந்து நிற்கும். 2013ல் இருவர் கரடியிடம் காயம்பட்டுப் பிழைத்தார்கள். 1983க்குப் பிறகு ஊருக்குள் கரடியால் யாரும் இறக்கவில்லை.

ஆனால் கதை முடியவில்லை. 1980களில் சுமார் 1,200 இருந்த மேற்கு ஹட்சன் விரிகுடாக் கரடிகள், 2021 மதிப்பீட்டில் 618 ஆகிவிட்டன. பூமி சூடாவதால் பனி முன்னைவிடச் சீக்கிரம் உருகுகிறது. கரடி கரையில் பசியோடு இருக்கும் நாட்கள் கூடுகின்றன. குப்பைமேட்டை ஊரே மூடிவிட்டது. உருகும் கடலை ஒரு ஊரால் மட்டும் உறைய வைக்க முடியுமா?