இல்லத் தலைவரும் இல்லத்தரசியும்

மாணவர் வசிக்கும் இல்லம் ஒன்றுக்குப் பேராசிரியர் ஒருவரும் அவருடைய துணைவியும் கூடித் தலைமை வகிப்பதும், புதிதாக வந்து சேரும் இளைஞரை அவ்விருவரும் வாசலில் நின்று வரவேற்பதும் இன்று அமெரிக்காவின் பெரிய கலாசாலைகளில் வெகு சாதாரணமாகிவிட்டபோதிலும், இவ்வழக்கத்தின் பூர்வீகத்தைத் தேடிச் செல்பவன் முதலில் காண்பது பெண்களுக்குக் கதவடைத்த ஒரு மதிற்சுவரைத்தான். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் மடங்களின் சாயலில் எழுந்தவை. நம் நாட்டுக் குருகுலத்தில் குருபத்தினி இட்ட சோற்றை உண்டு சீடன் பாடம் கேட்டான். அங்கேயோ ஆசிரியர் விவாகம் செய்துகொண்டால் தம் பதவியைத் துறந்து வெளியேற வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் சமயச் சீர்திருத்தம் குருமாருக்கு விவாக உரிமை அளித்தபின், கல்லூரித் தலைவர் சிலர் மனைவி மக்களோடு உள்ளே குடியேறத் துணிந்தனர். அதைச் சகியாத எலிசபெத் ராணி 1561-இல் ஆக்ஞை பிறப்பித்து மனைவி மக்கள் அங்கு வசிக்கலாகாது என்று விலக்கினாள். தன் வாழ்நாள் முழுவதும் மணம் புரியாதிருந்த ராணி அவள். நாளடைவில் அந்த ஆக்ஞை தளர்ந்து தலைவருக்கு மட்டும் குடும்பத்தோடு வாழும் சலுகை கிடைத்தது. மற்ற ஆசிரியர்களுக்கோ, 1882-இல் புதிய விதிகள் வரும்வரையில், பொதுவாகப் பிரம்மசரியமே கதியாயிற்று. ஆகவே பல தலைமுறைகளாக ஒரு கல்லூரியின் மதிலுக்குள் கௌரவத்தோடு வாழ்ந்த சீமாட்டி என்று எவரேனும் இருந்தால், பெரும்பாலும் அது தலைவரின் மனைவியாகவே இருக்கும்.

இந்த ஆங்கில முறையைக் கடல் கடந்து கொண்டுபோனவர் ஹார்வர்டின் தலைவராக 1909 முதல் 1933 வரை வீற்றிருந்த அபட் லாரன்ஸ் லோவெல். அவர் காலத்து ஹார்வர்டில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மௌண்ட் ஆபர்ன் வீதியின் ஆடம்பரமான தனியார் விடுதிகளில் ராஜபோகமாய் இருக்க, ஏழை மாணவர் வசதி குன்றிய பழைய அறைகளில் ஒதுங்கிக் கிடந்தனர். ஒரே வகுப்பில் படித்த இருவர் நான்கு ஆண்டுகளில் ஒருமுறையேனும் ஒரு பந்தியில் அமராமலே பட்டம் பெற்றுப் போவதும் உண்டு. இந்தப் பிளவைப் போக்க, இருநூற்றைம்பது முன்னூறு மாணவர் ஆசிரியரோடு கூடி உண்டு உறையும் இல்லங்களை எழுப்ப வேண்டுமென்பது லோவெலின் நெடுநாளைய மனோரதம். ஆயினும் எல்லாரும் கலந்து வாழ வேண்டுமென்று உபதேசித்த அதே மனிதர்தான் 1922-இல் கறுப்பு மாணவரை முதலாண்டு விடுதிகளில் சேர்க்க மறுத்தார் என்பதையும், மறு ஆண்டே பல்கலைக்கழகத்தின் ஆட்சி மன்றத்தார் அம்முடிவை மாற்ற நேர்ந்தது என்பதையும் இங்கே மறைத்துவிட்டுப் போவது நியாயமாகாது.

பொருள் வந்த விதம் விநோதமானது. எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற தனவந்தர் யேல் சர்வகலாசாலையில் பயின்றவர். இத்தகைய இல்லங்களுக்காகத் தாம் அளிக்க விரும்பிய திரவியத்தை முதலில் யேலுக்கே கொடுக்க முன்வந்தார். யேல் தயங்கிக் காலம் கடத்தவே, 1928-இல் அவர் போட்டிக் கலாசாலையான ஹார்வர்டின் கதவைத் தட்டினார். லோவெல் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட அந்தக் கொடையால் டன்ஸ்டர், லோவெல் என்னும் இரண்டு இல்லங்கள் 1930-இல் திறக்கப்பட்டன. மறு ஆண்டில் அவை ஏழாயின. பிறகு விழித்துக்கொண்ட யேலும் கொடை பெற்று 1933-இல் தன் உறைவிடக் கல்லூரிகளைத் திறந்தது.

ஒவ்வோர் இல்லத்தோடும் தலைவருக்கென்று ஒரு வீடும் இணைந்திருந்தது. லோவெல் இல்லத்தின் முதல் தலைவரான கணித அறிஞர் ஜூலியன் கூலிட்ஜ், ஆக்ஸ்போர்டைப் பார்த்து, திங்கட்கிழமை இரவுகளில் விசேஷ உடையணிந்து உண்ணும் உயர்மேடை விருந்தை ஏற்படுத்தினார். மாணவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது அந்த விருந்து அல்ல, தலைவர் வீட்டில் வியாழக்கிழமைதோறும் நடந்த தேநீர் உபசாரமே என்று கருதுகிறேன். ஊரை விட்டு வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை, மேடை விருந்தில் யார் அருகே அமர்வது என்று அஞ்சி நடுங்குவான். தேநீர்க் கூடத்திலோ அவன் பெயரை நினைவில் வைத்திருந்து, போன வாரத்து ஜலதோஷம் தீர்ந்ததா என்று விசாரிக்க ஒருவர் இருந்தார். 1940 முதல் 1963 வரை அவ்வில்லத்தின் தலைவராயிருந்தவர் எலியட் பெர்க்கின்ஸ் என்று ஏடுகள் சொல்லும். அந்த இருபத்து மூன்று ஆண்டுகளும் வீட்டை நடத்திய அவர் மனைவி மேரி பெர்க்கின்ஸுக்குப் பதவி என்று எதுவும் இல்லை. உத்தியோகம் ஒருவருக்கு, உழைப்பு இருவருக்கு என்பதே அக்காலத்து எழுதப்படாத ஒப்பந்தம்.

வாயிலில் வரவேற்கப்படுவோர் யார் என்பதும் அப்போது தலைவரின் மனப்போக்கையே பெரிதும் சார்ந்திருந்தது. எலியட் என்னும் மற்றோர் இல்லத்தின் தலைவராக 1941 முதல் 1968 வரை விளங்கிய ஜான் பின்லி என்ற கிரேக்க இலக்கியப் பேராசிரியர் விண்ணப்பித்த இளைஞரைத் தாமே நேரில் கண்டு பேசித் தேர்ந்தெடுப்பார். அதனால் அவருடைய இல்லம் குலப்பெருமைக்கும் செல்வப்பெருமைக்கும் பேர்போனதாயிற்று. எதைப் போக்குவதற்காக லோவெல் இல்லங்களைக் கட்டினாரோ அதுவே வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. 1990-களின் மத்தியில் சீட்டுக் குலுக்குவதுபோல் மாணவரை இல்லங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறை வந்த பிறகே அது அடங்கிற்று.

1970-இல் ஹார்வர்டின் துணைப் பெண்கள் கல்லூரியான ராட்கிளிப்பின் மாணவியர் இந்த இல்லங்களில் குடியேறியதும் பழைய ஏற்பாடு ஆட்டங்கண்டது. பெண்களும் சமமாகப் படிக்கும் ஓரிடத்தில், தேநீர் ஊற்றிக்கொடுப்பவள் மட்டும் பெயரற்றவளாய் நிற்பது எப்படிப் பொருந்தும்? லோவெல் இல்லத்தில் 1975 தொடங்கி, மீண்டும் இருபத்து மூன்று ஆண்டுகள், வில்லியம் போஸர்ட், மேரி லீ போஸர்ட் என்று இருவர் பெயரும் இணைத்தே சொல்லப்பட்டன. அவர்களுக்குப் பின் 1998-இல் அங்கே தலைமை ஏற்றவர்கள் இரு பெண்கள்: காசி நகரையும் நம் தெய்வ தரிசன மரபையும் பற்றி நூல்கள் எழுதிய டயானா எக் அம்மையாரும், அவர் வாழ்க்கைத் துணையான டோரதி ஆஸ்டினும். எலிசபெத் ராணியின் ஆக்ஞையைப் படித்துவிட்டு இந்தச் செய்தியைப் படிப்பவர் புன்னகை செய்யாமல் இருக்க முடியாது.

2016-இல் ஹார்வர்டு, அடிமை முறையை நினைவூட்டுகிறது என்று பலர் குறைகூறிய ‘மாஸ்டர்’ என்ற பழைய பதவிப்பெயரை நீக்கிப் புதிய பெயரைத் தம்பதியர் இருவருக்குமே வழங்கிற்று. அதன் மறுபக்கமும் விரைவிலே வெளிப்பட்டது. வின்த்ராப் இல்லத்தில் 2009 முதல் தலைமை வகித்த ரொனால்ட் சல்லிவன், ஸ்டெபனி ராபின்சன் தம்பதியர் ஹார்வர்டு இல்லங்களுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவர். பாலியல் குற்றம் சாட்டப்பட்ட ஹார்வி வைன்ஸ்டீன் என்ற திரைப்படத் தயாரிப்பாளருக்காக வாதாடும் வழக்கறிஞராகச் சல்லிவன் அமர்ந்ததை மாணவர் பலர் ஆட்சேபித்தனர். இல்லத்தின் நிர்வாகத்தைப் பற்றியும் முறையீடுகள் எழுந்தன. வழக்கை ஏற்றவர் கணவர் ஒருவரே. 2019-இல் பதவிக்காலம் முடிந்தபோது, நீடிப்பு மறுக்கப்பட்டது இருவருக்கும்.