மரமா, வாட்ஸா? வீட்டில் செய்த பெரிய ஸ்பீக்கர்களின் கதை

இன்று 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் டிபன் பாக்ஸ் அளவில் கிடைக்கிறது. பேசும் படம் வந்த 1927-ல் நிலைமையே வேறு. வால்வு ஆம்ப்ளிஃபயரில் பத்து வாட்ஸ் எடுப்பதே பெரிய காரியம். அந்தப் பத்து வாட்ஸை வைத்துக்கொண்டு ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் தியேட்டரை நிரப்ப வேண்டும். எப்படி நிரப்பினார்கள்?

ஹார்னை வைத்துத்தான். நம் ஊர்த் திருவிழாக்களில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் இருக்கிறதே, அதே தத்துவம்.

1925-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் இன்றைய கோன் ஸ்பீக்கரின் மூல வடிவத்தை வெளியிட்டார்கள். நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் சாதாரண கோன் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் சுமார் ஒரு சதவீதம்தான் சத்தமாக மாறும், மிச்சமெல்லாம் சூடு! காற்று லேசானது என்பதால் கோனுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. குறுகலாகத் தொடங்கி மெல்ல விரியும் ஹார்ன் அந்தப் பிடிமானத்தைக் கொடுக்கிறது. 1926-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் வென்ட், துராஸ் உருவாக்கிய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555 டிரைவரை ஹார்னில் மாட்டியபோது 25 சதவீதத்துக்கும் மேல் சத்தமாக மாறியது. சில வாட்ஸ் ஒரு தியேட்டருக்குப் போதுமானதாக இருந்த ரகசியம் இதுதான்.

இனி பேஸ். அங்கேதான் சிக்கல். 40 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் சுமார் 8.6 மீட்டர். ஹார்னின் வாய்ச் சுற்றளவு ஏறத்தாழ அந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டால் வாயின் விட்டம் 2.7 மீட்டர்! தியேட்டர் திரைக்குப் பின்னால் வைக்கலாம். வீட்டில் எங்கே வைப்பது?

ஒரு வழி ஹார்னை மடிப்பது. 1933 ஏப்ரல் 27 அன்று பெல் ஆய்வுக்கூடத்தினர் பிலடெல்ஃபியாவில் வாசித்த ஆர்க்கெஸ்ட்ராவைத் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டன் அரங்கில் ஒலிக்கச் செய்தார்கள். அங்கே பேஸுக்கு மடித்த ஹார்ன், மேல் ஸ்வரங்களுக்குத் தனி ஹார்ன். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் அதே வகை அமைப்பு சினிமாவுக்கு வந்தபோது ஒரு கோளாறு தெரிந்தது. டாப் டான்ஸ் காட்சியில் ஒவ்வொரு காலடியும் இரண்டு முறை கேட்டது! மடிப்புகளுக்குள் சுற்றி வந்த பேஸ், மேல் ஹார்னைவிடச் சுமார் 12 அடி கூடுதலாகப் பயணம் செய்தது. அதாவது பத்து மில்லி செகண்டுக்கும் மேல் தாமதம். எம்.ஜி.எம். நிறுவனத்தில் டக்ளஸ் ஷியரர் தலைமையில் ஜான் ஹில்லியர்ட் முதலியோர் பேஸ் ஹார்னைக் குட்டையாக்கி இதைச் சரிசெய்தார்கள். அந்த ஷியரர் ஹார்னுக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கிராஸ்ஓவர் என்பது காயிலும் கண்டென்சரும் மட்டும் அல்ல. 8 ஓம் ஸ்பீக்கரை 500 ஹெர்ட்ஸில் பிரிக்க சுமார் 40 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் 2.5 மில்லிஹென்றி காயிலும் போதும் என்று பள்ளிக்கூடக் கணக்கு சொல்லிவிடும். இரண்டு ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வருமா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. அதைப் பெட்டியின் அமைப்புதான் முடிவு செய்கிறது.

அடுத்து வருகிறார் பால் கிளிப்ஷ். அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சின்ன ஊர். போர்க்காலத்தில் அங்கே ராணுவப் பணியில் இருந்த பொறியாளர் இவர். அவருடைய யோசனை மிக எளிமையானது. ஸ்பீக்கரை அறையின் மூலையில் வைத்தால் இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்து ஹார்னின் மிச்சப் பகுதியாகிவிடும். 2.7 மீட்டர் வாயை மரத்தில் செய்ய வேண்டியதில்லை, வீடே செய்து கொடுக்கிறது! 1946-ல் ஹோப்பிலேயே கம்பெனி தொடங்கினார். மார்பளவு உயரமுள்ள அந்தக் கிளிப்ஷ்ஹார்ன் ஒரு வாட்ஸில் 104 டெசிபல் அளவுக்குச் சத்தம் கொடுத்தது.

இங்கும் கிராஸ்ஓவரைத் தீர்மானித்தது மரம்தான். மடித்த ஹார்னின் வளைவுகளில் குட்டை அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் சுமார் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் பேஸ் பெட்டியை நம்ப முடியாது. மேல் ஹார்ன் அதுவரை கீழே இறங்கி வர வேண்டும். அதற்கு அதுவும் நீளமாக இருக்க வேண்டும். இன்னொன்று, மேல் டிரைவர்கள் பெரும்பாலும் பேஸைவிடச் சத்தமானவை. அவற்றை ரெசிஸ்டரோ டிரான்ஸ்ஃபார்மரோ போட்டு பேஸின் அளவுக்கு அடக்கியாக வேண்டும். ஆகவே மொத்த ஸ்பீக்கரின் திறன் என்பது பேஸ் பெட்டியின் திறன்தான்.

பிறகு ஏன் கடைகளில் இவை காணாமல் போயின? 1954-ல் எட்கர் வில்ச்சர் ஏ.ஆர்-1 என்ற சின்ன மூடிய பெட்டியைக் கொண்டுவந்தார். அலமாரியில் வைக்கலாம், ஆழமான பேஸும் வரும். விலையாகக் கொடுத்தது திறனை. 1958-ல் ஸ்டீரியோ ரெக்கார்டுகள் கடைக்கு வந்தன. ஒரு பீரோவுக்கு இடம் கொடுத்த வீடு இரண்டுக்குக் கொடுக்குமா? அதோடு டிரான்சிஸ்டர் வந்து வாட்ஸ் மலிவானது. பெரிய பெட்டிக்கு மரச்செலவு, லாரி வாடகை, கடையில் இடம் எல்லாம் அதிகம். வியாபாரக் கணக்கில் வாட்ஸ் ஜெயித்தது, மரம் தோற்றது.

இந்தக் கொடுக்கல் வாங்கலை ஹாஃப்மன் என்பவர் ஒரு விதியாகவே சொன்னார். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிகத் திறன் இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். திறனைக் குறைக்காமல் ஒரு ஆக்டேவ் கீழே இறங்க வேண்டுமானால் பெட்டி எட்டு மடங்கு பெரிதாக வேண்டும்!

ஆனால் வீட்டில் செய்பவரின் கணக்கு வேறு. அவருக்குக் கூலி இல்லை, லாரி இல்லை, ஷோரூம் இல்லை. பிளைவுட்டும் ஞாயிற்றுக்கிழமையும் போதும். அவருக்கு இல்லாதது ஒன்றே ஒன்று: நிச்சயம். துளை வைத்த பேஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டிக்கு துராஸ் 1932-லேயே பேட்டண்ட் வாங்கியிருந்தாலும், துளை எவ்வளவு பெரிது, பெட்டி எத்தனை லிட்டர் என்பது பல வருடங்கள் வெட்டிப் பார்த்துக் கேட்கும் வேலையாகவே இருந்தது. மரம் வீணாகும்.

அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார்கள். 1961-ல் நெவில் தீல் வெளியிட்ட கட்டுரையை முதலில் வெளியுலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1971-ல் அமெரிக்க ஆடியோ இதழில் மறுபடி வெளிவந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதை விரிவாக்கினார். ஒரு மீட்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு சிக்னல் ஜெனரேட்டர் இருந்தால் வூஃபரை அளந்து, மரத்தை வெட்டும் முன்பே பேஸ் எங்கே முடியும் என்று காகிதத்தில் பார்த்துவிடலாம். 1976-ல் லிங்க்விட்ஸ், ரைலி என்ற ஹியூலெட் பேக்கார்ட் பொறியாளர்களின் கிராஸ்ஓவர் முறையும் வெளிவந்தது. பெரிய கம்பெனிகளின் ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருந்த அறிவு கார் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதனால்தான் பின்னாளில் ஜப்பானிலும் பிரான்சிலும் சிலர் 8 வாட்ஸ் மட்டுமே தரும் பழைய 300பி வால்வுக்குத் திரும்பியபோது, அதற்கேற்ற ஸ்பீக்கர் செய்யத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1980-களில் அமெரிக்காவின் 'ஸ்பீக்கர் பில்டர்' இதழில் புரூஸ் எட்கர் எழுதிய ஹார்ன் கட்டுரைகள், இங்கிலாந்தின் பால் வாய்ட் 1920-களில் ஹார்னுக்குப் பயன்படுத்திய டிராக்ட்ரிக்ஸ் வளைவை வீட்டுத் தச்சர்களின் கைக்கே கொண்டுவந்தன. கடை கைவிட்டதை வீடு காப்பாற்றி வைத்தது.

ஒரு சின்னக் கணக்கோடு முடிக்கலாம். ஒரு ஸ்பீக்கர் ஒரு வாட்ஸில் 84 டெசிபல், இன்னொன்று 104. இரண்டாவது ஸ்பீக்கர் 1 வாட்ஸில் தரும் சத்தத்தை எட்ட முதலாவதுக்கு 100 வாட்ஸ் வேண்டும். அடுத்த முறை ஸ்பீக்கர் வாங்கப் போனால் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்ஸை விட்டுவிட்டு, மூலையில் சின்னதாக இருக்கும் டெசிபலைத் தேடிப் படியுங்கள்.