முடிசூடும் பெருமாள்

எங்கள் பேரையூர்ப் பக்கம் துண்டு என்பது வெறும் துணி அல்ல. அதை யார் தோளில் போடலாம், யார் இடுப்பில் கட்ட வேண்டும் என்பதெல்லாம் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

1970களின் கடைசியில் நான் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். பட்டா விஷயமாக ஒரு பெரியவர் வந்தார். என் அப்பா வயது இருக்கும். வாசலிலேயே தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை கன்னியாகுமரி போனபோது, மனைவி ஆசைப்பட்டதால் சுவாமிதோப்புக்கும் போனோம். சட்டையைக் கழற்றினேன். அது நமக்குப் பழக்கம்தான். அடுத்து அங்கிருந்தவர், "ஐயா, துண்டைத் தலையில கட்டிக்கிட்டு உள்ளே போங்க" என்றார். கோயிலுக்குள் தலைப்பாகையா? நான் விழித்ததைப் பார்த்து அவர் சிரித்தார்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1809இல் அந்த ஊரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். தாழ்த்தி வைக்கப்பட்டவன் பிள்ளைக்கு முடி சூடுவதாகப் பெயரா என்று மேல்சாதியார் தடுத்ததால் முத்துக்குட்டி என்று மாற்றினார்கள் என்பார்கள். அப்போது அது திருவிதாங்கூர் சீமை. பனையேறும் மக்களுக்குச் செருப்பு கூடாது, குடை கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, இடுப்பில் குடம் வைக்கக் கூடாது. தலைவரி தனி. போதாக்குறைக்கு ஊழியம், அதாவது கூலியில்லாமல் சர்க்காருக்கு வேலை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சில் குடியானவர்கள் சம்பளமில்லாமல் சாலை போட்ட 'கொர்வே', உப்புக்குக் கட்டிய 'கபேல்' வரி, 1789 புரட்சி எல்லாம் எனக்கு மனப்பாடம். அதே கொர்வே நம் தெற்குக் கோடியில் ஊழியம் என்ற பெயரில், அந்தப் புரட்சிக்குப் பிறகும் பல காலம் நடந்தது என்பதை என் ஆசிரியர்கள் யாரும் சொல்லித் தரவில்லை. நானும் தேடிப் படிக்கவில்லை.

நோயில் கிடந்த முத்துக்குட்டி, கொல்லம் 1008 மாசியில், அதாவது 1833இல், திருச்செந்தூர்க் கடலில் இறங்கி மூன்றாம் நாள் வைகுண்டராக எழுந்தார் என்பது அடியார்களின் நம்பிக்கை. மாசி 20ஆம் நாள் இன்றும் நாகர்கோவிலிலிருந்து சுவாமிதோப்புக்குப் பெரும் ஊர்வலம் நடக்கிறது. கடலில் நடந்தது எதுவானாலும், திரும்பி வந்தவர் செய்த காரியங்கள் கண்ணுக்குத் தெரிபவை. தனித்தனிக் கிணறு என்றிருந்த காலத்தில் எல்லாச் சாதிக்கும் பொதுவாக முத்திரிக் கிணறு வெட்டினார். ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். தன் உழைப்பில் வந்ததைப் பிறருக்குக் கொடுக்காதே என்றார். ஆண்டவனைக் கும்பிட வருகிற ஆண் தலைப்பாகையோடு வரட்டும் என்றார்.

மன்னரையே 'நீசன்' என்றவரைச் சும்மா விடுவார்களா? சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். சங்கீதத்துக்காக நாம் கொண்டாடும் அதே சுவாதித் திருநாள்தான். சில மாதங்கள் கழித்து வெளியே வந்தார். அவர் ஆள் சேர்த்துக் கலகம் செய்யவில்லை. குடும்பம் குடும்பமாக மக்களைக் கடற்கரையில் கூட்டி, நாளும் குளிக்கவும் துணி துவைக்கவும் ஒரு தவமாகப் பழக்கினார். துவையல் பந்தி என்று பெயர். 1841இல் சீடர் அரிகோபாலன் அகிலத்திரட்டை எழுதினார்.

வைகுண்டர் 1851இல் மறைந்தார். மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது 1859 ஜூலையில். எட்டு வருஷம் இருந்திருந்தால் பார்த்திருப்பார்.

பள்ளியறையில் சிலை இல்லை. ஒரு நிலைக்கண்ணாடி, விளக்கு, அவ்வளவுதான். தலைப்பாகையோடு என் உருவம் அதில் தெரிந்தது. அந்தப் பட்டா பெரியவர் ஞாபகம் வந்தது. அவர் பெயர் எனக்கு நினைவில் இல்லை.

நெற்றியில் திருமண் இட்டார்கள். பஸ் ஏறினோம். திருமங்கலத்தில் பேரையூர் வண்டிக்கு மாறும்போதுதான், "இன்னும் துண்டை அவிழ்க்கலையே" என்றாள் மனைவி. வீடு வரை அப்படியே வந்தேன்.