பண்டை இசையேடுகளும் கணினிப் பதிப்பும்

ஓவியம் சுவரில் நிற்கும். சிற்பம் கல்லில் நிற்கும். இசையோ பிறந்த கணத்திலேயே காற்றிற் கரைந்துவிடும். அதனை நிலைபெறச் செய்தற்கு மனிதன் கண்ட கருவியே இசைக்குறியீடு. ஐரோப்பாவிலே 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரெட்சோ நகரத்துக் குயிதோ என்னும் துறவி, கோடுகளின் மீதும் அவற்றினிடையிலும் குறிகளை நிறுத்திச் சுரங்களின் உயர்வு தாழ்வைக் காட்டும் முறையை வகுத்தார். 13ஆம் நூற்றாண்டில் கொலோன் நகரத்துப் பிராங்கோ, குறியின் வடிவே அதன் கால அளவை உணர்த்துமாறு விதி செய்தார். இன்று அத்தகைய ஏடுகளைக் கணினியிற் பெயர்த்தெழுதினால், இசைக்குறியீட்டு மென்பொருள் அவற்றை உடனே ஒலித்துக் காட்டுகின்றது. அங்ஙனம் ஒலிப்பது பண்டையோர் கேட்ட இசைதானா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் மூலங்களின் இயல்பை நோக்குவோம். பலகுரல் இசையைத் தனி அச்சுக்கள் கோத்து அச்சிட்ட முதல் நூலை ஒட்டாவியானோ பெத்ரூச்சி என்பார் 1501ஆம் ஆண்டில் வெனிசு நகரில் வெளியிட்டார். நூறு பாடல்கள் என்னும் பொருள்படப் பெயர் பூண்ட அந்நூலில் உள்ளவை 96 பாடல்களே. அதில் ஒவ்வொரு குரலுக்குமுரிய பகுதி தனித்தனியே நிற்கின்றது. இக்கால ஏடுகளிற்போல ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தப்படவில்லை. தாளப்பகுதிகளைப் பிரிக்கும் கோடுகளும் இல்லை. மேலும், ஒரே வடிவுடைய குறி இடத்திற்கேற்ப அளவு மாறும். மும்மை அளவிலே பிரீவ் என்னும் குறி மூன்று செமிபிரீவ்களுக்குச் சமம். ஆயின் இரு பிரீவ்களுக்கிடையே தனியொரு செமிபிரீவ் வருமாயின், முன்னின்ற பிரீவ் இரண்டாகக் குறுகும். புள்ளியிடாத நம் ஓலைச்சுவடிகளைப் படிப்போர் மெய்யோ உயிர்மெய்யோ என்பதை இடம்நோக்கித் துணிவதுபோல, அக்காலப் பாடகரும் இடம்நோக்கியே அளவைத் துணிந்தனர்.

1497ஆம் ஆண்டில் மறைந்த ஒக்கெகெம் என்னும் இசைப்பேராசான் இயற்றிய ‘மிசா புரொலேசியோனும்’ என்னும் வழிபாட்டிசை இதற்கோர் உச்சமான சான்று. அதன் பெரும்பகுதியில் எழுதப்பட்டவை இரு குரற்பகுதிகளே. ஒவ்வொரு பகுதியையும் இரு குரலினர் வெவ்வேறு கால அளவுகளிற் பாட, நான்கு குரல்கள் தோன்றுகின்றன.

இத்தகைய ஏட்டைப் பதிப்பிப்போர் முன்னர் எல்லாக் குரல்களையும் கையாலே ஒருங்கெழுதி, வாத்தியத்தில் வாசித்துப் பார்த்தனர். ஒரு குறியின் அளவைப் பிழைபட உணரின், பின்வருவன யாவும் இடம் பெயர்ந்துவிடும். கணினியோ குரல்களைத் தானே வரிசைப்படுத்தி ஒலிக்கின்றது; பிழை நேர்ந்தவிடத்துச் செவி உடனே திடுக்கிடும். இவ்வுதவி பெரிது. ஆயினும் திடுக்கிட்ட இடமெல்லாம் பிழையென்று கொள்ளல் கூடாது. ஆசிரியன் வேண்டுமென்றே அமைத்த இசைவின்மையைத் திருத்திவிடும் அபாயம் அங்கே உளது.

இனி, ஏட்டிலே எழுதாது பாடகரின் அறிவுக்கு விடப்பட்ட சுரமாற்றங்களும் உள. பாடல் ஓய்வுறும் இடங்களிற் சில சுரங்களை அரைநிலை உயர்த்திப் பாடுதல் அக்கால மரபு. இதனை ‘மூசிக்கா பிக்டா’ என்பர். மூலத்திலுள்ள மாற்றக்குறியைச் சுரத்தின் முன்னும், தாம் ஊகித்த குறியைச் சுரத்தின் மேலும் இடுதல் நற்பதிப்பாசிரியர் வழக்கம். மேலே இடப்பட்ட குறியைச் சில மென்பொருள்கள் ஒலிப்பதில்லை. ஒலியை விரும்பிய பதிப்பாசிரியர் அதனைச் சுரத்தின் முன்னே இட்டுவிடுவாராயின், மூலம் எது, ஊகம் எது என்னும் வேறுபாடே அழிந்துபோம். மறைகுறியொன்றால் ஒலியைப் பெற்று, காணுங் குறியை மேலே வைத்தலே நேரிய வழி.

சுருதியும் இவ்வாறே. ஒரு ஸ்தாயியை 1200 நுண்பகுதிகளாகப் பகுப்பின், சட்சத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் இடையே இயற்கையில் அமையும் தொலைவு ஏறத்தாழ 386. பெரும்பாலான மென்பொருள்கள் இயல்பாக ஒலிப்பதோ 400. இத்தொலைவை இயற்கையாக வைக்கும் சுருதியமைப்பொன்றைப் பியேத்ரோ ஆரோன் 1523ஆம் ஆண்டு நூலில் விளக்கியுள்ளார். அதிர்வு 440 என்னும் பொதுச் சுருதி 1939ஆம் ஆண்டு இலண்டன் மாநாட்டில் ஏற்கப்பட்டது. அதனை ஒக்கெகெம் காலத்துக்கு ஏற்றுதல் பொருந்தாது.

இறுதியாக, காப்பு. பெத்ரூச்சியின் 1501ஆம் ஆண்டு வெளியீட்டின் குறைப்பட்ட படியொன்று பொலோனியா நகரில் இன்றும் காக்கப்படுகின்றது. 1988ஆம் ஆண்டில் வெளிவந்து பல பதிப்பாசிரியர்க்குத் துணைநின்ற பினாலே மென்பொருளோ, இனி வளர்க்கப்படாதென 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஐந்நூறு ஆண்டைக் கடந்த தாளின் எதிரே நாற்பது ஆண்டையும் எட்டாத கருவி! ஆதலின், ஒரு மென்பொருளில் மட்டும் திறக்கும் கோப்பை நம்பியிராது, 2004 முதல் வழங்கும் மியூசிக் எக்ஸ்எம்எல் போன்ற பொது வடிவிலும் படியெடுத்தல் வேண்டும். பாடபேதங்களையும் பதிப்பாசிரியர் சேர்த்தவற்றையும் வேறுபடுத்திப் பதியவல்ல எம்.இ.ஐ. என்னும் குறிமுறை இப்பணிக்கு மேலும் உகந்தது.

கணினி எழுதியதை ஒலிக்கும். எழுதாது விட்டதை அறியாது. பண்டை இசையிற் பாதி எழுதாது விடப்பட்டது. அப்பாதியைத் துணிபவன் பதிப்பாசிரியன். துணிந்ததைத் தன் துணிபென்று வெளிப்படக் காட்டுதலே அவன் கடமை. அவ்வாறு காட்டுவானாயின், பின்வருவோர் அவன் பிழையையும் திருத்தி மூலத்தை அணுகுவர். மறைப்பானாயின், இனிய ஒலியொன்று எஞ்சும், வரலாறு எஞ்சாது.